பினாங்குக்காரர்கள் ஓயாமல் மோதிக்கொள்ளும் கேள்விகள்: காற்பந்து, பாலம், ஃபெரி, தீவும் அக்கரையும்

நம்ம ஊர் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் குரல் உயர்த்தி, கடைசியில் யார் சொன்னது சரி என்று முடியாமலேயே எழுந்து போகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கு காற்பந்து அணியை ரசிகர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ரசிகர்கள் வீடு மாறிப் போனார்கள். அவர்கள் போன இடத்துக்கும் ஆட்டம் நடக்கிற இடத்துக்கும் நடுவில் கடல் இருக்கிறது. இதைப் பேசாமல் பயிற்சியாளரையும் கோல்கீப்பரையும் திட்டி ஒரு பயனும் இல்லை.

பினாங்கு உண்மையிலேயே பெரிய அணியாக இருந்ததா, இல்லை பெரியவர்கள் சும்மா அளக்கிறார்களா?

இருந்தது. மலாயா கிண்ணத்தை 1953, 1954, 1958 என்று மூன்று முறை வென்றோம். அது மலேசியக் கிண்ணம் ஆன பிறகு 1974இல் மறுபடி வென்றோம். லீக் பட்டம் 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் வந்தது, எஃப்ஏ கிண்ணம் 2002இல். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன மலேசிய அணியில் நம்ம பினாங்கு ஆட்டக்காரர்கள், உடன்பிறந்த நாமாட் அப்துல்லாவும் ஷாருடின் அப்துல்லாவும் இருந்தார்கள். எழுபதுகளில் அலி பக்கார், ஈசா பக்கார் என்று இன்னொரு அண்ணன் தம்பி ஜோடி. சிட்டி ஸ்டேடியத்தில் கூட்டம் போடுகிற சத்தத்துக்கு அந்தக் காலத்தில் 'கிராமாட் ரோர்' என்றே பெயர், வெளியூர் அணிகள் அதைக் கேட்டுத்தான் உள்ளே வரும்.

ஆக தாத்தாக்கள் கதை விடவில்லை. ஆனால் கடைசிப் பெரிய கிண்ணம் 2002 என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த வருஷம் பிறந்த பையன் இன்றைக்கு வேலைக்குப் போகிறான், மேல்மட்டத்தில் நம்ம அணி ஒரு கிண்ணம் தூக்கி அவன் பார்த்ததே இல்லை.

அப்புறம் ஏன் இப்படி விழுந்தோம்?

விழுந்தோம், எழுந்தோம், மறுபடி விழுந்தோம் என்று சொல்லுங்கள். 2017இல் நாட்டின் மேல்மட்ட லீக்கான சூப்பர் லீக்கில் கடைசி இடம், கீழே இறங்கினோம். 2020இல் அதற்கு அடுத்த மட்டமான மலேசிய பிரீமியர் லீக் பட்டத்தோடு மேலே வந்தோம். 2021இல் வந்த சுருக்கில் மூன்றாவது இடம்! ஊரே நம்பிக்கையில் மிதந்தது. அடுத்த வருஷமே அடிமட்டம். ஒரு நல்ல பருவத்தை இரண்டாவது பருவத்துக்குக் கொண்டுபோக நமக்குப் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. 2014லிருந்து ஜோகூர் டாருல் தாக்சிம்தான் விடாமல் லீக் பட்டத்தை எடுக்கிறது, அவர்களுடைய பணத்தோடு மோத முடியாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் முதல் இடம் கிடைக்காததற்கு வேண்டுமானால் ஜோகூரைக் காட்டலாம். கடைசி இடத்துக்குப் போனதற்கும் ஜோகூரைக் காட்டினால் எப்படி?

ஸ்டேடியம் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறதே, ஜனங்களுக்கு ஆர்வம் போய்விட்டதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

சிட்டி ஸ்டேடியம் டத்தோ கிராமாட் பக்கம், நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அது நிறைந்த காலத்தில் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஜோர்ஜ்டவுன் உள்நகரத்துக் கடைவீடுகளிலிருந்து, துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து, நகராட்சி ஊழியர் வரிசை வீடுகளிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ வந்தார்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போகிற தூரம். ஆட்டம் முடிந்தால் அதே வழியில் பேசிக்கொண்டே வீடு.

அந்த ஜனங்கள் உள்நகரத்தில் இருக்க முடிந்ததற்குப் பெரிய காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பழைய கடைவீடுகளில் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள், 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு பாதுகாப்பு முடிந்தது. வாடகை எகிறியது. குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். கொஞ்சப் பேர் ஆயர் ஈத்தாம், கெலுகோர், பாயான் பாரு அடுக்குமாடிகளுக்கு, நிறையப் பேர் பாலம் தாண்டி அக்கரைக்கு, அதாவது பெருநிலத்தில் இருக்கிற செபராங் பிறைக்கு, பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம். 2008இல் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தபோது கட்டடங்கள் தப்பின, நல்ல விஷயம். ஆனால் அவற்றில் குடியிருந்தவர்களில் பலர் அதற்குள் போய்விட்டார்கள், அந்த வீடுகளில் இன்றைக்குத் தங்கும் விடுதியும் காபிக் கடையும் நடக்கின்றன. சுற்றுலாப் பயணி சுவர் ஓவியத்தைப் பார்க்க வருவார், பேராக்கோடு நடக்கும் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்க மாட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், ஆர்வம் போகவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிற ஒருவர் வேலை நாளில் இரவு ஒன்பது மணி ஆட்டத்துக்கு வர வேண்டும் என்றால் பாலத்து நெரிசல், நிறுத்த இடம் தேடும் அலைச்சல், நள்ளிரவில் திரும்பும் பயணம், காலையில் தொழிற்சாலை ஷிஃப்ட் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட வேண்டும். அவர் வீட்டில் டிவியில் பார்க்கிறார். அவரைப் போய் 'துரோகி' என்று திட்டுவது அநியாயம்.

பத்து காவானில் 40,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் இருக்கிறதே, அங்கேயே நிரந்தரமாகப் போய்விட்டால் என்ன?

பலர் சொல்லும் யோசனை இது, அக்கரைக்காரர்களுக்குப் பக்கம் என்று தோன்றும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு சுக்மா என்கிற மலேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அதைக் கட்டினார்கள். கட்டிய இடம் பட்டர்வொர்த்துக்குப் பக்கத்திலும் இல்லை, புக்கிட் மெர்தாஜாமுக்குப் பக்கத்திலும் இல்லை, மாநிலத்தின் தென்கோடியை ஒட்டி. அப்போது சுற்றிலும் செம்பனையும் சதுப்பு நிலமும்தான். தீவிலிருந்து அங்கே நேராகப் போக வைக்கும் இரண்டாவது பாலம் திறந்தது 2014இல், அதாவது ஸ்டேடியம் வந்து 14 வருஷம் கழித்து. அதுவரை தீவுக்காரர்கள் முதல் பாலத்தைத் தாண்டி பிறையில் இறங்கி, நெடுஞ்சாலையில் தெற்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பக்க ஜனங்களுக்கும் சம தூரம் என்று சொல்லலாம்தான், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் தொலைவு.

இப்போது பத்து காவான் மாறிவிட்டது, தொழிற்சாலைகள், வீட்டுமனைகள், பேரங்காடி எல்லாம் வந்துவிட்டன. இன்னும் பத்து வருஷத்தில் அங்கே குடியிருக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் சொந்த மைதானமாக ஆகலாம். ஆனாலும் ஐயாயிரம் பேர் வரும் ஆட்டத்தை 40,000 இருக்கைக்கு நடுவில் வைத்தால் கத்துகிற சத்தம் கூரைக்குப் போய்க் கரைந்துவிடும், ஓட்டப்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆட்டக்காரனுக்கு அது கேட்காது. என் கருத்து இதுதான்: லீக் ஆட்டங்கள் சிட்டி ஸ்டேடியத்தில், பெரிய ஆட்டமோ விடுமுறை நாள் ஆட்டமோ வந்தால் பத்து காவானில், அதுவும் பட்டர்வொர்த்திலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் தனிப் பேருந்து விட்டு.

தீவில் பிறந்தவர்கள்தான் உண்மையான பினாங்குக்காரர்களா?

இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவில் ஏறக்குறைய 7 லட்சத்து 94 ஆயிரம் பேர், செபராங் பிறையில் 9 லட்சத்து 46 ஆயிரம் பேர். அக்கரைதான் பெரும்பான்மை. ஜோர்ஜ்டவுனுக்கு 1957இல் மாநகர் தகுதி, செபராங் பிறைக்கு 2019இல். இன்னமும் 'அக்கரைப் பசங்க' என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் முதலில் சொந்த வீட்டைப் பார்க்கட்டும், சித்தப்பாவோ அத்தையோ அங்கேதான் குடியிருப்பார்கள்.

லீ சோங் வெய் நம்ம ஆளா, பேராக் ஆளா?

பிறந்தது பேராக்கில், பாகான் செராயில். வளர்ந்ததும் பூப்பந்து மட்டை பிடித்ததும் புக்கிட் மெர்தாஜாமில். 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் வெள்ளி. நான் அவரை நம்ம ஆள் என்றுதான் சொல்வேன், அதே அளவுகோலை எல்லாருக்கும் வைப்பேன்.

முகமட் ஃபாயிஸ் சுப்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். கெடாக்காரர். ஆனால் 2016 பிப்ரவரி 16 அன்று சிட்டி ஸ்டேடியத்தில் பஹாங்குக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக் இருக்கிறதே, அதற்குப் பினாங்குதான் முகவரி. ரொம்பத் தூரத்திலிருந்து உதைத்தார். பந்து ஒரு பக்கமாகப் போகிறது, கோல்கீப்பர் அந்தப் பக்கம் நகர்கிறார், நடுக்காற்றில் அது திசை மாறி எதிர்மூலையில் போய் நுழைகிறது. நின்ற இடத்தில் உறைந்து போனது கோல்கீப்பர் மட்டும் இல்லை. அந்த கோலுக்கு, ஆண்டின் சிறந்த கோலுக்குத் தருகிற ஃபிஃபாவின் புஷ்காஸ் விருது கிடைத்தது, ஆசியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். 2017 ஜனவரியில் சூரிக்கில் பிரேசில் ரொனால்டோ கையால் வாங்கினார். அந்த வீடியோவில் தெரிகிற புல்லும் விளக்கும் நம்ம டத்தோ கிராமாட்டுப் புல்லும் விளக்கும். கெடாவில் பிறந்தவர் நமக்கு இதைக் கொடுத்திருக்கிறார், பிறகு எதற்கு பிறப்புப் பத்திரம் பார்ப்பது?

பினாங்கு பெற்றெடுத்த ஆகச் சிறந்த விளையாட்டாளர் யார்?

எடி சூங் பெயரைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை நான்கு முறை வென்றவர், மறக்கக் கூடாத பெயர். ஆனால் என் பதில் நிக்கோல் டேவிட், யோசிக்கவே வேண்டாம்.

1983இல் இங்கே பிறந்தவர். அப்பா இந்தியர், அம்மா சீனர். ஸ்குவாஷில் எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 ஆகஸ்டிலிருந்து 2015 வரை ஒன்பது வருஷம் உலகத் தரவரிசையில் முதலிடத்தை விட்டுக் கொடுக்கவே இல்லை. எந்த விளையாட்டிலும் எத்தனை பேரால் இப்படிச் சொல்ல முடியும்? ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் இல்லாததால் அவர் ஒரு ஒலிம்பிக் பதக்கம்கூட இல்லாமல் 2019இல் ஓய்வு பெற்றார். ஸ்குவாஷை 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கும் முடிவு 2023இல்தான் வந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. புக்கிட் டும்பாரில் ஸ்குவாஷ் மையத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு பந்து கண்ணாடிச் சுவரில் மோதும் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

நம்ம தமிழ்ப் பையன்கள் எங்கே? அணியில் ஒன்றிரண்டு பேர்தானே தெரிகிறார்கள்?

வலிக்கிற கேள்வி. இனப்பாகுபாடு என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், நம்ம பையன்களுக்கு ஒழுங்கு இல்லை என்று முடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆரம்பப்பள்ளி வயதில் பந்தோடு ஓடுகிற பையன்களை ஒரு சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், திறமைக்குக் குறைவே இல்லை. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போதுதான் சங்கிலி அறுகிறது. பயிற்சி சாயங்காலம் நடக்கும், வேறு இடத்தில் நடக்கும். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் இரண்டாவது ஷிஃப்ட். யார் கூட்டிக்கொண்டு போவது, யார் திரும்பக் கூட்டி வருவது? அதே நேரத்தில் டியூஷனும் இருக்கிறது. பதிமூன்று வயதில் ஒரு மோட்டார் சைக்கிள் பின் இருக்கை கிடைக்காததால் நின்றுபோன ஆட்டக்காரர்கள் நம்மிடையே நிறைய.

இதற்குக் கோலாலம்பூரிலிருந்து யாரும் வந்து வழி சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலை நெடுக நம்ம இளைஞர்கள் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். கூடாரம், மின்சாரம், ஆயிரக்கணக்கான பேருக்குச் சாப்பாடு, குப்பை அள்ளுவது வரை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு வாரம் இரண்டு நாள் பத்துப் பையன்களை ஒரு வேனில் ஏற்றிப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடத் தெரியாதா? கோவில் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் ஜெர்சி அடிக்கிற காசில் முதலில் வேனுக்கு எண்ணெய் ஊற்றட்டும்.

லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் பார்க்கிறவன் உள்ளூர் ஆட்டத்தைப் பார்க்க மாட்டான் என்பது உண்மையா?

மாமாக் கடையில் நள்ளிரவில் பெரிய திரைக்கு முன்னால் உட்காருகிறவனுக்குக் காற்பந்து பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் பார்க்கலாம். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு அவன் போகப் போவதில்லை, சிட்டி ஸ்டேடியத்துக்குப் போகலாம். ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள், போதும்.

கோலாலம்பூர்க்காரர்களிடம் என்ன பதில் சொல்வது?

2021இல் கோலாலம்பூர் சிட்டி ஜோகூரையே வீழ்த்தி மலேசியக் கிண்ணம் எடுத்தது, நாம் கடைசியாக எடுத்தது 1974. இதை அவர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள், அது உண்மை. எல்ஆர்டி, எம்ஆர்டி நகர ரயில்கள் என்று ஆட்டத்துக்குப் போகிற வசதியும் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் ஒன்பது வருஷம் உலகின் முதலிடத்தில் இருந்த ஒருவர் எங்கள் தெருவில் வளர்ந்தார் என்று நாம் சொன்னால் அவர்களிடம் பதில் இல்லை.

பழைய ஃபெரியை நிறுத்தியது சரியா?

எனக்கு வருத்தம்தான். 1894லிருந்து ஓடிக்கொண்டிருக்கிற சேவை அது. கீழே கார், மேலே ஜனம் என்று போன அந்தப் பெரிய கப்பல்கள் 2020 டிசம்பர் 31ஓடு நின்றன. 2023 ஆகஸ்டில் புதியவை வந்தன, ஏசி, சுத்தம், வேகம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும்தான் ஏற்றும். ஆட்ட ரசிகனுக்கு அதுவே போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து நடந்து போய் ஃபெரி, இக்கரையில் பெங்காலான் வெல்டில் பேருந்து. போகும்போது பிரச்சினையே இல்லை. ஆட்டம் முடிந்து பதினொரு மணிக்கு வெளியே வரும்போது இந்தச் சங்கிலியில் எது ஓடுகிறது என்பதுதான் கேள்வி. ஆட்ட நாளில் மட்டும் ஒரு கூடுதல் ஃபெரி, ஒரு கூடுதல் ரயில், இவ்வளவுதான் கேட்கிறோம்.

பைக்கில் வருகிறவர்களுக்கு ஒரு ஆறுதல், 2019 ஜனவரியிலிருந்து இரண்டு பாலத்திலும் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கம் கிடையாது. மழை வந்தால் மட்டும் பாலத்தின் நடுவில் ஒதுங்க இடமில்லை, காற்றும் பலமாக அடிக்கும், கவனம்.

எல்ஆர்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

எல்லாம் சரியாகாது, நிறைய சரியாகும். முத்தியாரா பாதைக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தீவின் தெற்கிலிருந்து ஜோர்ஜ்டவுன் நடுவில் இருக்கிற கொம்தார் கோபுரம் வரை வந்து, அங்கிருந்து கடலைத் தாண்டி பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரலுக்குப் போகிற திட்டம். மீனவர்களின் கவலையும் கடல் நிரப்புவதைப் பற்றிய சண்டையும் தனி, அதை இங்கே இரண்டு வரியில் அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. ஆனால் ஆட்டத்துக்குப் போகிறவன் கண்ணால் பார்த்தால், கொம்தாரில் இறங்கினால் சிட்டி ஸ்டேடியம் நடக்கிற தூரம். அக்கரைக்காரருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து வருகிறவருக்கும் ஒரே ரயில். பத்து காவானுக்கு அது போகாது. இதனாலேயே சிட்டி ஸ்டேடியத்தை இப்போது இடித்து வேறு ஏதாவது கட்டலாம் என்று யார் ஆரம்பித்தாலும் நான் எதிர்த்துத்தான் பேசுவேன்.

எந்த நாசி கண்டார் கடை நல்லது?

தனிப் பதிவு வேண்டும். வரிசை நீளமாக இருக்கிற கடையை விட, இராத்திரி ஆட்டம் முடிந்து போனாலும் கறி சூடாக இருக்கிற கடை என் கடை. 'பஞ்சிர்', அதாவது வெள்ளமாக, என்று சொல்லிக் குழம்பை நிறைய ஊற்றி வாங்குங்கள்.

முதல் தடவை ஸ்டேடியத்துக்கு வருகிறேன், என்ன தெரிந்திருக்க வேண்டும்?

காரில் வந்தால் ஒரு மணி நேரம் முன்னால் வாருங்கள், டத்தோ கிராமாட் சாலை ஓரத்தில் கண்ட இடத்தில் நிறுத்தினால் சம்மன் வரும். நீலமோ மஞ்சளோ போட்டுக்கொள்ளுங்கள், எதிரணி நிறத்தில் வந்து சேராதீர்கள். கூரை இல்லாத பக்கம் டிக்கெட் எடுத்தால் மழைக்கோட்டு எடுத்து வாருங்கள், குடை விரித்தால் பின்னால் இருக்கிறவர் சத்தம் போடுவார். வாசலில் கச்சான் பூத்தே விற்கிற அண்ணனிடம் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள், கடலையும் முறுக்கும் கலந்து தரச் சொன்னால் தருவார், முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாவது பாதிக்கு ஒன்று. பிள்ளைகளோடு வந்தால் கொட்டு அடிக்கிற கூட்டத்துக்கு நேர் பின்னால் உட்கார வேண்டாம், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், ஆட்டமும் தெரியும், பாட்டும் கேட்கும். திரும்பிப் போக ஃபெரியை நம்புகிறவர்கள் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று வரும்போதே துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.